மொட்டை மாடிக்கு அனுப்பும் மென்பொருள்

(அறிவியல் ஆசிரியர்களும் மென்பொருள் எழுதுவோரும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பள்ளிப் பிள்ளைகளுக்கு வானியல் சொல்லித்தரும் மென்பொருளை எப்படி வடிவமைப்பது? இதுதான் இன்று எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். கோள்களை அழகாக வரைந்து, சுற்றவிட்டு, பின்னணியில் கொஞ்சம் இசை சேர்த்து, கம்பீரமான குரலில் யாரையாவது பேசவிட்டால் வேலை முடிந்தது. அப்படிச் செய்தவை ஏராளமாக இருக்கின்றன. பிள்ளைகளும் வாய் பிளந்து பார்க்கிறார்கள். மறுநாள் வகுப்பில், "நிலா ஏன் தேய்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "பூமியோட நிழல் அதுமேல விழுது சார்" என்பார்கள். படம் பார்ப்பதற்கு முன்னாலும் அதைத்தான் சொன்னார்கள். அப்படியானால் அத்தனை வண்ணமும் இசையும் என்ன செய்தன?

நான் சொல்ல வந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். வானியல் மென்பொருள் முதலில் பிள்ளையிடம் கேட்க வேண்டும். பிள்ளை ஒரு பதிலைத் துணிந்து சொன்ன பிறகுதான் காட்ட வேண்டும். காட்டி முடித்ததும் பிள்ளையை எழுப்பி மொட்டை மாடிக்கு அனுப்ப வேண்டும். மணிக்கணக்கில் பிள்ளையைத் திரை முன்னால் கட்டிப்போடுவதைப் பெருமையாகச் சொல்லும் செயலி வேறு எந்தப் பாடத்துக்கு வேண்டுமானாலும் உதவட்டும், வானத்துக்கு உதவாது.

கணினி வருவதற்கு வெகு காலம் முன்பே இந்த வேலையைச் செய்த ஒருவரைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். நெதர்லாந்தில் பிரானெக்கர் என்று ஒரு சிற்றூர். அங்கே ஐசே ஐசிங்கா என்பவர் இருந்தார். ஆட்டு ரோமத்தைச் சிக்கெடுத்துச் சீவுவது அவர் தொழில். 1774 மே 8 அன்று நிலாவும் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன் கோள்களும் வானத்தில் ஒரே பக்கம் நெருங்கி நிற்கப் போகின்றன, அதனால் பூமி தன் பாதையை விட்டே தூக்கி எறியப்படும் என்று ஒரு சிறு நூல் அச்சாகி மக்களைக் கலங்கடித்தது. நாள் வந்தது, போனது, பூமிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஐசிங்கா ஒரு முடிவுக்கு வந்தார். வானத்தில் என்ன நடக்கிறது என்பதை ஊரார் தங்கள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று, தன் வீட்டுக் கூடத்தின் கூரையிலேயே சூரியக் குடும்பத்தைக் கட்டத் தொடங்கினார். ஏழு ஆண்டு உழைப்பு. 1781-இல் முடித்தார். ஒரு ஊசல் கடிகாரம்தான் எல்லாவற்றையும் ஓட்டுகிறது. பூமி ஒரு சுற்று முடிக்க அங்கேயும் ஓர் ஆண்டு ஆகும். சனி ஒரு சுற்று முடிக்க 29 ஆண்டுக்கு மேல் ஆகும். அந்த வீடு இன்றும் இருக்கிறது, கோள்கள் இன்றும் நகர்கின்றன. 2023-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்னொரு வேடிக்கை: அவர் வேலையை முடித்த அதே 1781-இல்தான் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடித்தார். கூரையில் அதற்கு இடமில்லை!

ஐசிங்கா ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து லட்சம் கிலோமீட்டர் என்று கணக்கு வைத்தார். தூரங்கள் எல்லாம் அந்தக் கணக்குப்படியே. ஆனால் கோள்களின் பருமனை அந்தக் கணக்கில் காட்ட முடியுமா? முடியாது. அந்தக் கணக்கில் பூமியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்குதான். கண்ணுக்கே தெரியாது. எனவே தூரத்தில் உண்மையாக இருந்தார், பருமனில் பொய் சொன்னார். வேறு வழியே இல்லை. வானியல் மென்பொருள் எழுதும் ஒவ்வொருவரும் இதே இடத்தில் வந்து நிற்பார்கள். எங்கே உண்மை, எங்கே பொய் என்று தீர்மானிப்பதுதான் வடிவமைப்பு. அந்தப் பொய்யைப் பிள்ளையிடம் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

சரி, பிள்ளை நம்மிடம் வரும்போது அதன் தலையில் என்ன இருக்கிறது? வெற்றிடம் இல்லை நண்பர்களே! 1987-இல் 'எ பிரைவேட் யூனிவர்ஸ்' என்றொரு ஆவணப்படம் வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு நாள். பட்டதாரிகள், பேராசிரியர்கள், முன்னாள் மாணவர்கள் என 23 பேரிடம் கோடையும் குளிரும் ஏன் வருகின்றன என்பது போன்ற எளிய கேள்விகளைக் கேட்டார்கள். 21 பேர் தடுமாறினார்கள். பூமி சூரியனுக்கு அருகில் போனால் வெயில், விலகிப் போனால் குளிர் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். ஹார்வர்டிலேயே இந்தக் கதை என்றால், ஆறாம் வகுப்புப் பிள்ளையை நாம் கடிந்துகொள்ளலாமா?

ஸ்டெல்லா வோஸ்னியாடு, வில்லியம் புரூவர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் பூமியின் வடிவத்தைக் கேட்டு, வரையச் சொல்லி, 1992-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். "பூமி உருண்டை" என்று பிள்ளைகள் சொன்னார்கள். துருவித் துருவிக் கேட்டபோது வேறு பூமிகள் வெளியே வந்தன. ஒரு பிள்ளைக்குப் பூமி உள்ளே குடைந்த உருண்டை, நாம் அதன் உள்ளே தட்டையான தரையில் வாழ்கிறோம். இன்னொரு பிள்ளைக்குப் பூமிகள் இரண்டு: காலடியில் இருப்பது தட்டை, டீச்சர் சொல்வது வானத்தில் எங்கோ மிதக்கும் உருண்டை. பிறகு இதே போன்ற ஆய்வை நம் பக்கத்து ஐதராபாத்திலும் செய்தார்கள். அங்கே சில பிள்ளைகள் பூமியைத் தண்ணீரின் மேல் மிதக்க வைத்திருந்தார்கள். வீட்டில் கேட்ட கதையும் பள்ளியில் கேட்ட பாடமும் அந்தத் தலைக்குள் சமாதானமாகிவிட்டன. இதைக் கேட்டு வாங்காத மென்பொருள் எவ்வளவு அழகாக உருண்டையைச் சுழற்றினாலும், பிள்ளை அதைத் தன்னுடைய இரண்டாவது பூமியாக எடுத்து வைத்துக்கொள்ளும்.

கோடை, குளிர் பற்றிய அந்த ஹார்வர்டு குழப்பத்துக்கு நாமும் எண்ணெய் ஊற்றுகிறோம். பாடநூல்களில் பூமியின் பாதையை எப்படி வரைகிறோம்? சாய்வாகப் பார்ப்பதுபோல, நீண்ட நீள்வட்டமாக. பிள்ளை என்ன நினைக்கும்? ஒரு பக்கம் சூரியனுக்கு அருகே, ஒரு பக்கம் வெகுதூரம் என்றுதானே நினைக்கும்! உண்மையில் அந்தப் பாதை கிட்டத்தட்ட வட்டம். ஜனவரி முதல் வாரத்தில் 14.71 கோடி கிலோமீட்டர், ஜூலை முதல் வாரத்தில் 15.21 கோடி கிலோமீட்டர். கவனித்தீர்களா? மார்கழிக் குளிரில், கம்பளி போர்த்திக்கொண்டு கோலம் போடும் நாளில்தான், பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. இந்த ஒரு செய்தி போதும், ஒரு முழுப் பாடத்தை அமைக்கலாம். "சூரியன் நமக்கு மிக அருகில் இருப்பது மார்கழியிலா, சித்திரையிலா?" என்று திரை கேட்கட்டும். பிள்ளை ஒன்றைத் தொட்டே ஆக வேண்டும், தொடாமல் மேலே போக முடியாது. தொட்டபின் விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஜனவரிச் சூரியனையும் ஜூலைச் சூரியனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அளவுகோலைக் கொடுங்கள். ஜனவரிச் சூரியன் சற்றே பெரிது. பிள்ளையே அளந்து பார்க்கட்டும், பிள்ளையே திகைக்கட்டும். அந்தத் திகைப்பு வந்த பிறகுதான் அச்சின் சாய்வைப் பற்றிக் கேட்கக் காது திறக்கும்.

இனி, எங்கே நின்று பார்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டு இலவச மென்பொருள்களை உங்களில் பலர் அறிவீர்கள். ஒன்று ஸ்டெல்லேரியம், பிரான்சைச் சேர்ந்த ஃபாபியன் ஷெரோ 2000-இல் தொடங்கியது. மற்றது செலஸ்டியா, கிறிஸ் லாரல் எழுதி 2001-இல் வெளிவந்தது. ஸ்டெல்லேரியத்தில் நாம் தரையில் நிற்கிறோம். கிழக்கு, மேற்கு, அடிவானம், மரங்கள், மேலே வானம். செலஸ்டியாவில் நாம் பூமியை விட்டே கிளம்பி, சனியின் வளையத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறோம். இரண்டும் அருமையானவை. ஆனால் பிள்ளை தடுக்கி விழுவது இந்த இரண்டுக்கும் நடுவே. மேற்கே சூரியன் மறைவதைப் பார்த்த கண்ணுக்கும், மேலிருந்து சுழலும் உருண்டையைப் பார்த்த கண்ணுக்கும் பாலம் யார் போடுவது? என் யோசனை எளியது. திரையை இரண்டாகப் பிரியுங்கள். கீழே தரையிலிருந்து தெரியும் வானம், மேலே வெளியிலிருந்து தெரியும் பூமி. இரண்டுக்கும் ஒரே காலப் பட்டை. பிள்ளை விரலால் நேரத்தை நகர்த்தினால் இரண்டும் சேர்ந்து நகர வேண்டும். தொடங்குவது எப்போதும் கீழிருந்துதான். தரையில் நின்று பார்க்காத பிள்ளைக்கு விண்வெளிக் காட்சி வெறும் கார்ட்டூன்.

தரை என்றால் எந்தத் தரை? நம் தரை! இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மென்பொருளில் ஊரைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் எவனோ ஒருவனுடைய வானம்தான் தெரியும். பாரிஸில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 49 பாகை உயரத்தில் நிற்கிறது. சென்னையில் 13 பாகை. கையை நீட்டி முட்டி மடக்கினால் பத்துப் பாகை, அதற்குச் சற்று மேலே. கன்னியாகுமரியில் 8 பாகை, அந்த உயரத்தில் அது பெரும்பாலும் மூட்டத்தில் மறைந்துபோகும். பிறைக்கு வாருங்கள். செயலிகளில் வரும் பிறைப் படம் எப்படி இருக்கும்? நட்டக்குத்தலாக, வலது பக்கம் ஒளியோடு. ஐரோப்பியர் பார்ப்பது அதைத்தான். நம் ஊர் மூன்றாம் பிறை மல்லாந்து கிடக்கும். மாசி, பங்குனியில் இரு முனையும் ஏறக்குறைய மேல்நோக்கி இருக்கும். மாடியில் ஏறி ஒரு தடவை பார்த்த பிள்ளை, திரையில் இருப்பது பொய் என்று கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காத பிள்ளைதான் நம் கவலை. அது திரையை நம்பி, வானத்தைச் சந்தேகப்படும்.

நண்பகல் வெயில் இன்னும் பெரிய பாடம். சூரியன் நண்பகலில் தெற்கே நிற்கும் என்று ஐரோப்பாவில் எழுதிய பாடத்தை அப்படியே இறக்குமதி செய்தால், சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 18 வாக்கு வரை அது தப்பு. அந்த நாட்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே. நிழல் தெற்கே விழும். அந்த இரண்டு நாட்களில் மட்டும் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும், நட்டு வைத்த கம்புக்குப் பக்கவாட்டில் நிழலே இருக்காது. நிழலில்லா நாள் என்கிறோம். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, 11 வாக்கில், மதுரையில் 16 வாக்கில், சென்னையில் 24 வாக்கில் என்று அது இரண்டு வாரத்தில் வடக்கே நடந்து போகிறது. லண்டன் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கக் கிடைக்காத காட்சி இது. கைக்கெட்டும் பாடத்தை விட்டுவிட்டு, நான்கு பருவங்களையும் பனிமனிதனையும் ஏன் வரைகிறோம்?

நிலாவுக்குத் திரும்புகிறேன், அங்கேதான் பொய்கள் அதிகம். திரையில் பூமியும் நிலாவும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பாருங்கள். உண்மையில் இரண்டுக்கும் நடுவே முப்பது பூமிகளை வரிசையாக அடுக்கலாம். நெருக்கமாக வரைந்த படத்தைப் பார்த்த பிள்ளை நியாயமாகவே கேட்கும்: "ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பூமி நடுவுல வருதே, அப்ப மாசாமாசம் கிரகணம் வரணுமே சார்?" அருமையான கேள்வி! இதற்கு வாயால் விடை சொல்லாதீர்கள். 'உண்மை அளவு' என்று ஒரு பொத்தான் வையுங்கள். அழுத்தியதும் நிலா விலகி விலகி, திரையின் அடுத்த ஓரத்துக்கே போய்ச் சேரட்டும். அங்கே பூமியின் நிழல் சுமார் 9,200 கிலோமீட்டர் அகலம்தான். நிலாவின் பாதையோ ஐந்து பாகை சாய்ந்திருப்பதால், 34,000 கிலோமீட்டர் வரை மேலேயோ கீழேயோ ஒதுங்கிப் போய்விடுகிறது. நிழல் ஒரு பக்கம், நிலா ஒரு பக்கம். தேய்பிறைக்குப் பூமியின் நிழல் காரணமல்ல என்பதைப் பிள்ளை தானே பார்த்துக்கொள்ளும்.

சூரியக் குடும்பம் முழுவதையும் உண்மை அளவில் எந்தத் திரையிலும் காட்ட முடியாது. எனவே திரை தோற்கும் இடத்தில் மைதானத்தைக் கூப்பிடுங்கள். சூரியனை 14 சென்டிமீட்டர் பந்தாக வைத்தால் பூமி ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு, 15 மீட்டர் தள்ளி. நிலா பூமியிலிருந்து நான்கு சென்டிமீட்டருக்குள். நெப்டியூன் 450 மீட்டர் தள்ளி, பள்ளிக்கூடக் கேட்டைத் தாண்டித் தெருவில். அடுத்த விண்மீன்? 4,000 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போனாலும் போதாது. இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்து, "டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போ" என்று சொல்வதோடு மென்பொருளின் வேலை முடிய வேண்டும்.

பின்வரிசையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மென்பொருள் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எழுதியதை ஒரு பிள்ளையின் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பார்த்திருக்கிறீர்களா? நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் என்ற திட்டம் அறிவியல் பாடங்களுக்கு ஏராளமான உருவகப்படுத்திகளைத் தந்திருக்கிறது. அவர்கள் மாணவர்களிடம் கொடுத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்து, கேட்டுத் திருத்தித்தான் வெளியிடுகிறார்கள். நாங்களும் ஒரு கிராமத்துப் பள்ளியில் அப்படிச் செய்து பார்த்தோம். ஏழாம் வகுப்பு. ஒரு பெண், ஒரு பையன், இருவருக்கும் ஒரு லேப்டாப். திரையில் கேள்வி: இன்று பௌர்ணமி, நிலா எப்போது உதிக்கும்? ஒரு நாள் முழுவதையும் காட்டும் பட்டையில் நிலாவை இழுத்து வைக்க வேண்டும். அந்தப் பெண் இரவு ஒன்பதில் வைத்தாள்.

"ஏய், நாங்க சாப்புடறப்பவே அது மேல வந்துரும்" என்றான் பையன்.

"அது உங்க வீட்டு நிலா!" என்றாள் இவள்.

பேரம் பேசி எட்டில் வைத்தார்கள். ஓட்டினார்கள். மணி ஆறைத் தாண்டியதும் கிழக்கே நிலா தலைநீட்டியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னோக்கி ஓட்டினார்கள், முன்னோக்கி ஓட்டினார்கள். பிறகு அந்தப் பெண் யாரும் சொல்லாமலே காட்சியை மேற்குப் பக்கம் திருப்பினாள். அங்கே சூரியன் அப்போதுதான் மறைந்துகொண்டிருந்தது. மறுபடி கிழக்கு, மறுபடி மேற்கு. "டேய், இது சீசா மாதிரிடா! அது எறங்குனா இது ஏறுது" என்றாள். அடுத்த மாதப் பௌர்ணமிக்குப் போய்ப் பார்த்தார்கள், அங்கேயும் அப்படியே. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆசிரியர் புத்தி, சும்மா இருக்குமா? அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது அவள், "அப்ப அமாவாசை அன்னைக்கு நிலா எப்ப உதிக்கும்?" என்று பையனைக் கேட்டாள். அந்தக் கேள்வி எங்கள் பாடத்தில் இல்லை. எங்கள் மென்பொருளில் எங்குமே இல்லை.

அந்த நொடியில், "சபாஷ்! பத்து நாணயங்கள்!" என்று ஒரு பலகை குதித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாணயத்தை வாங்கிக்கொண்டு அடுத்த கேள்விக்கு ஓடியிருப்பார்கள். பையன்கள் 'அடுத்து' பொத்தானை எவ்வளவு வேகமாகத் தட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நாணயம், பதக்கம், தரவரிசைப் பட்டியல், இவற்றை வானியலுக்குள் கொண்டுவராதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நிலா உதிக்கும் நேரத்தைத் தானே கண்டுபிடித்த பிள்ளைக்கு அதற்கு மேல் என்ன பரிசு வேண்டும்?

அதேபோல் பெயர்ப் பலகைகளையும் கொஞ்சம் மறைத்து வையுங்கள். ஸ்டெல்லேரியத்தில் தேதியை 1610 ஜனவரி 7 என்றும் ஊரை இத்தாலியின் பாதுவா என்றும் மாற்றி, வியாழனைப் பெரிதாக்கிப் பாருங்கள். கலிலியோ அன்றிரவு தன் தொலைநோக்கியில் பார்த்த காட்சி அது. பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். பெயர்களை அணைத்துவிட்டு, இரவு இரவாக நகர்த்தி, நோட்டில் வரையச் சொல்லுங்கள். புள்ளிகள் இடம் மாறும், ஒன்று காணாமல் போகும், வேறு பக்கம் முளைக்கும். உள்ளே இருப்பது 42 மணி நேரத்தில் ஒரு சுற்று வந்துவிடும். 'வியாழனின் நிலா அயோ' என்று பெயரொட்டிக் காட்டினால் அது மனப்பாடம். பெயரில்லாத புள்ளியைப் பிள்ளை துரத்திப் பிடித்தால் அது கண்டுபிடிப்பு.

இன்னொரு பொய்யும் உண்டு, அழகான பொய். திரையைத் திறந்தவுடன் பால்வீதி பளபளக்கும், ஆயிரக்கணக்கில் விண்மீன் மின்னும். அதைப் பார்த்துவிட்டு வட சென்னையில் ஒரு பிள்ளை மாடிக்கு ஓடினால் என்ன தெரியும்? தெருவிளக்கு, மூட்டம், விரல்விட்டு எண்ணக்கூடிய விண்மீன்கள். வானம் ஏமாற்றிவிட்டதாக நினைத்து இறங்கி வந்துவிடும். ஸ்டெல்லேரியத்தில் ஒளி மாசுக்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது. ஊர் வெளிச்சத்துக்கு ஏற்ப அதை முன்கூட்டியே வைத்துக் கொடுங்கள். சென்னைப் பிள்ளைக்குச் சென்னை வானம், காவலூர்ப் பிள்ளைக்குக் காவலூர் வானம். காவலூரில் வைணு பாப்பு ஆய்வகத்தை அமைத்தவர்கள் அந்த ஜவ்வாது மலையைத் தேடிப் போனதே அந்த இருட்டுக்காகத்தானே!

நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே ஒரு வான அட்டவணை இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர்! திதி, நட்சத்திரம் எல்லாம் அதில் இருக்கின்றன. சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம், கார்த்திகை தீபம், தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம். இவை எல்லாம் என்ன? அந்தந்தப் பௌர்ணமி நிலா எந்த விண்மீனுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்ற குறிப்பு. கார்த்திகை தீபத்தன்று அகல் ஏற்றி முடித்ததும் நிலாவுக்கு அருகே பார்க்கச் சொல்லுங்கள். நிலா வெளிச்சத்தில் மங்கலாகத் தெரியும் அந்தக் கொத்துதான் கார்த்திகை. மாசி மகத்தன்று நிலாவுக்கு அருகில் மகம், சிம்மத்தின் பிரகாசமான விண்மீன். முதலில் பிள்ளை காலண்டரைப் பார்த்து நிலாவின் இடத்தை ஊகிக்கட்டும், பிறகு திரையில் சரிபார்க்கட்டும், பிறகு மாடி.

"இதெல்லாம் சேர்த்தால் ஜோதிடம் உள்ளே நுழைந்துவிடாதா?" என்று ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டார். நியாயமான அச்சம். என் எண்ணம் வேறு. அளக்கத் தெரிந்த பிள்ளையிடம் ஜோதிடம் நிற்காது. தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்கிறது காலண்டர். ஆனால் சூரியன் தென்கோடியைத் தொட்டுத் திரும்புவது டிசம்பர் 21, 22 வாக்கில். இருபத்து மூன்று, இருபத்து நான்கு நாள் வித்தியாசம் ஏன்? தை முதல் நாளில் சூரியன் நிற்கும் விண்மீன் பின்னணியைக் குறித்துக்கொண்டு, ஆண்டுகளைப் பின்னோக்கி ஓட்டச் சொல்லுங்கள். தென்கோடி நாளில் சூரியன் அதே இடத்தில் நின்ற காலம் ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்னால் கிடைக்கும். பூமியின் அச்சே மெல்லத் தலை சுற்றுகிறது, 72 ஆண்டுக்கு ஒரு பாகை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இதைத் தன் விரலால் கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் அதனிடம் ராசிபலன் விற்க முடியுமா?

தொழில்நுட்பம் பற்றி நீளமாகப் பேசப் போவதில்லை. ஒன்று மட்டும். ஒரு காலத்தில் வகுப்பறை வானியல் அசைபடங்கள் பெரும்பாலும் ஃபிளாஷில்தான் எழுதப்பட்டன. 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி அதைக் கைவிட்டது. எத்தனையோ பேருடைய உழைப்பு ஒரே இரவில் ஓடாமல் நின்றது. எனவே ஒரு நிறுவனத்தின் தயவில் நிற்கும் கருவியில் எழுதாதீர்கள். நிரலைத் திறந்து வையுங்கள். இணையம் இல்லாமல் ஓட வேண்டும், அப்பாவின் பழைய செல்போனில் ஓட வேண்டும், மாடியில் இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கூசச் செய்யாமல் சிவப்புத் திரைக்கு மாற வேண்டும். இவ்வளவுதான்.

முடிக்கும் முன், இந்த அரங்கிலேயே தொடங்கக்கூடிய ஒரு வேலையைச் சொல்கிறேன். எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் இரண்டு ஊர்களின் நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். நமக்கும் இரண்டு ஊர் போதும். டிசம்பர் 21 நண்பகலில் ஒரு மீட்டர் கம்பை நட்டால் சென்னையில் நிழல் ஏறத்தாழ 74 சென்டிமீட்டர், கன்னியாகுமரியில் 61 சென்டிமீட்டர். நண்பகல் என்றால் கடிகாரத்தின் பன்னிரண்டு அல்ல, நிழல் மிகக் குட்டையாகும் நேரம். சென்னையில் அன்று 12.07 வாக்கில், கன்னியாகுமரியில் 12.18 வாக்கில். பிள்ளைகளிடம் அந்த நேரத்தைச் சொல்லிவிடாதீர்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலைக் குறித்து அவர்களே பிடிக்கட்டும். இரண்டு நிழலிலிருந்தும் கோணத்தைக் கணக்கிட்டால் வித்தியாசம் ஐந்து பாகை. இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்கான தூரம் 555 கிலோமீட்டர் வாக்கில். சாலைத் தூரத்தைப் போட்டுவிடாதீர்கள், அது வளைந்து வளைந்து போகும். ஐந்து பாகைக்கு 555 என்றால் 360 பாகைக்கு? ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு!

இதற்கு மென்பொருள் செய்ய வேண்டியது மிகச் சிறிய வேலை. ஒரு பள்ளி தன் நிழலின் நீளத்தை உள்ளிட வேண்டும், இன்னொரு பள்ளியின் நீளம் அதற்குத் தெரிய வேண்டும். பின்வரிசை நண்பர்கள் ஒரு வாரத்தில் எழுதிவிடுவீர்கள். கணக்கை மட்டும் மென்பொருள் போட்டுத் தரக் கூடாது, அது பிள்ளைகளின் உரிமை. குமரி மாவட்டத்திலிருந்து வந்திருக்கும் ஆசிரியர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். நல்லது. சென்னை, திருவள்ளூர்க்காரர்கள்? நிறையவே இருக்கிறீர்கள். தேநீர் இடைவேளையில் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்து எண்களை வாங்கிக்கொள்ளுங்கள். அன்று சென்னையில் மேகம் மூடிவிட்டால் அடுத்த நாள் அளந்தாலும் பாதகமில்லை, அந்த வாரத்தில் நிழல் அவ்வளவாக மாறாது. இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.